மெலட்டூரில் ஓர் இரவு

கோடை முடியும் தறுவாயில் தஞ்சை ஜில்லாவுக்குச் செல்வோர் அதன் புகழ்பெற்ற பசுமையைக் காண இயலாது. சம்பாவும் தாளடியும் அறுவடையாகி, தரிசில் தெளித்த உளுந்தும் பயறும் வீடு சேர்ந்து, வயல்கள் வெடித்துக் கிடக்கும் காலம் அது. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். நீர் போதாத ஆண்டுகளில் அதுவும் தவறும். காவிரி வந்து குறுவைக்கு நாற்றுவிடும் வரையில் உழவனுக்குச் சற்று ஓய்வு. அந்த ஓய்வுக் காலத்திலேதான் சோழநாட்டு ஊர்கள் பல பாட்டும் கூத்துமாக விழா எடுக்கின்றன. நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, சித்திரைக் கடைசியிலோ வைகாசியிலோ நடைபெறும் மெலட்டூர் பாகவத மேளமும் அத்தகைய விழாவேயாகும்.

மெலட்டூர் தஞ்சாவூரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூர். நாம் அங்கே போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வரதராஜப் பெருமாள் சந்நிதிக்கு எதிரே வீதியிலேயே பந்தல்; பந்தலில் மேடை. ஆடுவோர் பெருமாளை நோக்கியே ஆடுகின்றனர். சபைக்குத் தலைவரும் முதல் ரஸிகரும் அவரே. நுழைவுச் சீட்டும் இல்லை. தனி ஆசனமும் இல்லை. முன்னே வந்தவர் முன்னே அமர்ந்தனர். நாமும் ஒரு திண்ணையோரத்தில் இடம் பிடித்துக்கொண்டோம்.

அன்றிரவு நடந்தது பிரகலாத சரித்திரம். முதலில் கோணங்கி துள்ளி வந்து கூட்டத்தைச் சிரிக்கவைத்துத் தன் வசமாக்கினான். பின்பு தோடய மங்களம். அதன்பின் யானைமுகம் தரித்த சிறுவன் ஒருவன் விநாயகராக வந்து ஆடி, எல்லோருக்கும் ஆசி வழங்கிச் சென்றான். கட்டியக்காரன் கட்டியங் கூற, இரணியன் பிரவேசித்தான். மிருதங்கமும் ஜதியும் அவன் அடிகளுக்கு முன்னே ஓடின. பெண் வேஷங்களையெல்லாம் ஆடவரே தரிப்பது இங்கு மரபு. கணவனுக்கும் மகனுக்கும் இடையே நின்று தவிக்கும் லீலாவதியாக வந்தவர் ஆண் என்பதை நாம் சில நிமிஷங்களிலேயே மறந்தோம். விடியும் நேரத்தில் தூண் பிளந்து நரசிம்மர் தோன்றினார். அந்த முகமூடி பூஜையில் வைக்கப்படுவது. அதை அணிபவர் உபவாசமிருந்தே அணிகிறார். ஆவேசம் மீறாதபடி பக்கத்திலுள்ளோர் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நாடகம் அங்கே வழிபாடாக மாறிவிட்டது. சுற்றியிருந்தோர் எழுந்து நின்று கைகூப்பினர்.

இக்கலை இவ்வூருக்கு வந்த வரலாறு அறியத்தக்கது. விஜயநகரம் 1565-இல் வீழ்ச்சியுற்றபின் தெற்கே வந்த தெலுங்கு அந்தணக் குடும்பங்கள் 510-க்கு, தஞ்சை நாயக்கரான அச்சுதப்பர் வீடும் நிலமும் அளித்துக் குடியேற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மெலட்டூர், சாலியமங்கலம், ஊத்துக்காடு, சூலமங்கலம், நல்லூர், தேப்பெருமாநல்லூர் ஆகிய ஊர்கள் இம்மரபுக்கு உரியவை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெலட்டூரில் வாழ்ந்த வேங்கடராம சாஸ்திரி, தியாகராஜ ஸ்வாமிகளுக்கு மூத்த சமகாலத்தவர். பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம், ஹரிச்சந்திரா முதலிய நாடகங்களைத் தெலுங்கில் இயற்றியவர் அவரே. நாயக்கர் போயினர், மராட்டிய மன்னரும் 1855-இல் மறைந்தனர். சம்ஸ்தானம் ஒழிந்த பின்னும் நாடகம் ஒழியவில்லை. இடையிடையே அது தளர்ந்தபோது பரதம் நடேசய்யரும், அவருக்குப் பின் 1930-களின் இறுதியில் கணேசய்யரும் அதைத் தூக்கி நிறுத்தினர்.

சென்னையில் வக்கீலாயிருந்து தேசிய இயக்கத்திலும் உழைத்த இ. கிருஷ்ணய்யர், இந்த நடேசய்யரிடம் பயின்று தாமே சலங்கை கட்டி ஆடினார். சதிராட்டத்தைப் பழித்து ஒதுக்கிய காலத்தில் அதற்காக வாதாடி, 1931-இல் சங்கீத வித்வத் சபையின் மேடையில் அதை ஏற்றுவதற்கு முன்னின்றவரும் அவரே. பரதநாட்டியம் இன்று உலகெங்கும் பெற்றிருக்கும் மதிப்பில் மெலட்டூர் வீதிக்கும் ஒரு பங்குண்டு என்பதை நகரத்து ரஸிகர்கள் மறந்துவிடலாகாது.

இஃது ஏதோ பழைய பக்திக் கதைதானே என்று சொல்வோரும் இருக்கலாம். காந்தியடிகள் சத்தியாக்கிரகிக்கு முன்மாதிரியாகப் பிரகலாதனையே பலமுறை எடுத்துக் காட்டினார். 1930-இல் ராஜாஜியின் தலைமையில் உப்புத் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு இந்த ஜில்லாவின் வழியாகவே நடந்தனர். அவர்களுக்குச் சோறும் இடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று கலெக்டர் தார்ன் உத்தரவிட்டார். ஜனங்கள் அஞ்சவில்லை, அளித்தனர். அரசன் ஆணையைக் காட்டிலும் பெரியது ஒன்று உண்டு என்று சிறு பிள்ளை சொல்வதைக் கண்டும் கேட்டும் வளர்ந்த ஜனங்களுக்கு அவ்வுத்தரவு பெரிதாகத் தோன்றாததில் வியப்பென்ன?

ஆகவே, அரசரும் சர்க்காரும் அல்ல, சில குடும்பங்களின் விரதமே இக்கலையை இதுகாறும் காத்தது. அவ்விரதத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆயினும் இனி அது மட்டும் போதுமா என்பதே நம் கேள்வி. வேஷம் தரிப்போரில் பலர் இன்று வெளியூர்களில் உத்தியோகம் பார்ப்பவர்கள். விடுமுறை எடுத்து, ஆண்டுக்கொரு முறை ஊர் திரும்பி ஆடிவிட்டுச் செல்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகளும் அவ்வாறே வருவார்களென்று யார் உறுதி கூற முடியும்? போதாதற்கு ஒரே ஊரில் இரண்டு குழுக்கள் தனித்தனியே விழா நடத்துகின்றன. அதன் காரணங்களுக்குள் புக நாம் விரும்பவில்லை. சிற்றூர் ஒன்றின் ஆளும் பொருளும் இரண்டாகப் பிரிவது நன்றன்று என்று மட்டும் சொல்லி அமைகிறோம்.

இதனினும் பெரிய விஷயம் ஒன்றுண்டு. நம் பக்கத்தில் முதிய உழவர் ஒருவர், தோளில் துண்டுடன், இரவு முழுவதும் கண்ணிமைக்காது அமர்ந்திருந்தார். லீலாவதியின் கட்டத்தில் அவர் கண்களைத் துடைத்துக்கொண்டதைக் கண்டு, "தெலுங்கு புரியுமா, பெரியவரே?" என்று கேட்டோம்.

"தெலுங்கு நமக்கு எங்கேங்க தெரியும்? பெத்தவ படற பாடு தெரியாதுங்களா?" என்றார். சற்றுப் பொறுத்து, "என்ன சொல்லி அழுவுறான்னு யாராச்சும் சொன்னா இன்னும் நல்லாருக்கும். இத்தனை வருசமா யாருங்க சொன்னாங்க?" என்றார்.

இக்கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. தெலுங்கு என்பதால் இது அந்நியமென்று தள்ளுவது பேதைமை. காவிரி நீர் குடித்து வளர்ந்த கலை இது, தமிழ்நாட்டின் சொத்து. ஆனால் வீதியில் அமர்ந்து விடிய விடியப் பார்க்கும் ஜனங்களுக்கு அதன் பொருளை மறைத்து வைப்பது எவ்வகையில் நியாயம்? ஒரே வகுப்பைச் சேர்ந்த ஆடவர் மட்டுமே ஆடுவதென்ற பழைய வரம்பு இக்காலத்துக்கு எவ்வாறு பொருந்தும்? இவ்வாறே அந்தண ஆடவருக்குரியதாயிருந்த ஆந்திர தேசத்துக் கூச்சிப்பூடி, சென்ற நூற்றாண்டில் கதவைத் திறந்தது. பெண்களும் பிற வகுப்பினரும் பயின்று அதை உலகறியச் செய்தனர். அங்கே நேர்ந்த நஷ்டத்தையும் நாம் மறைக்கவில்லை. ஊர் வீதியில் குழுவாக ஆடிய நாடகம் சுருங்கி, சபாக்களில் ஒருவர் ஆடும் நாட்டியமே மேலோங்கிற்று. மெலட்டூர் கதவைத் திறக்கட்டும். வீதியை விட்டுவிட வேண்டாம்.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் தொடக்கத்தில் கட்டியக்காரன் வாயிலாகத் தமிழில் சொல்லுவிக்கலாம். நாடகங்களைத் தமிழுரையுடன் மலிவு விலையில் அச்சிட்டு விழாவில் விற்கலாம். ஊரின் எல்லாத் தெருக்களிலுமுள்ள பிள்ளைகளுக்கும், பெண்மக்கள் உட்பட, பாட்டும் ஜதியும் கற்பிக்கலாம். தஞ்சையிலேயே 1981-இல் நிறுவிய தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. அவற்றின் துணையை நாடலாம். நம் நேயர்களோ, தேசத்தின் கலைகளைப் பற்றி மேடைகளில் பேசுவதோடு நில்லாமல், அடுத்த கோடையில் ஓரிரவு அவ்வீதியில் போய் அமரவேண்டும். படம் பிடித்துக்கொண்டு நடுநிசியில் திரும்பிவிடாமல் விடியும் வரை இருக்கவேண்டும். விளக்குக்கும் ஆடுவோர் உணவுக்கும் தம்மால் இயன்றதைக் கொடுத்து வரவேண்டும்.

பொழுது விடிந்து மங்களம் பாடியதும் அம்முதியவர் துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டு, வாய்க்கால் வெட்டும் வேலை இருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டார். தலைமடையில் எவ்வளவு நீர் நின்றாலும் கடைமடைக்குப் பாயாவிட்டால் பயிர் காயும் என்பது டெல்டாவில் குழந்தையும் அறிந்த உண்மை. கலைக்கும் அந்த நியாயமே. மெலட்டூரில் நீர் இன்னும் வற்றவில்லை. அது வற்றுவதற்குள் வாய்க்காலை வெட்டிவிட வேண்டும்.