போனை ரீசெட் பண்ணிட்டேன்: சைபர் செக்யூரிட்டியும் கிரிமினாலஜியும் சேர்த்துப் படிக்கிறது பற்றி

வழக்கம்போல அரியாங்குப்பம் வீட்டு மொட்டை மாடிதான். நடுவுல கடலூர் ரோடு பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்கங்க.

பிளஸ் டூ முடிச்ச ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க: "அண்ணா, சைபர் செக்யூரிட்டியும் கிரிமினாலஜியும் சேர்த்துப் படிக்கலாம்னு இருக்கேன். ரெண்டுங்கெட்டானா ஆயிடுமோ?" போன வருஷம் கேட்டிருந்தா, "பேசாம கம்ப்யூட்டர் சயின்ஸ் எடும்மா"ன்னு முடிச்சிருப்பேன். இப்ப அப்படிச் சொல்ல மாட்டேன். காரணம் எங்க மாமா.

மாமா ஏஎஃப்டி மில்லுல வேலை பார்த்தவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில அவருக்கு வாட்ஸப் வீடியோ கால். போலீஸ் யூனிஃபார்ம்ல ஒருத்தன். "உங்க ஆதார்ல போன பார்சல்ல போதைப்பொருள் இருக்கு. உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம், கேமராவை விட்டு நகரக் கூடாது." அப்படி ஒரு அரெஸ்ட் நம்ம சட்டத்துல எங்கேயும் கிடையாது. 2024 அக்டோபர்ல மன் கி பாத்துல பிரதமரே இதைச் சொன்னார். மாமாவுக்கு அது எட்டல. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு தவணையா 1,80,000 ரூபாய் போயிடுச்சு. எங்ககிட்ட சொன்னது வெள்ளிக்கிழமை.

நான் போய் ரெண்டு காரியம் பண்ணேன், ரெண்டும் தப்பு. முதல்ல, "எப்படி மாமா இதையெல்லாம் நம்புனீங்க?"ன்னு கேட்டேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார், அப்புறம் ஒரு வார்த்தை வாங்க முடியல. அடுத்து, ஸ்கிரீன் ஷேரிங் ஆப் ஒண்ணு போட வெச்சிருந்தாங்கன்னு தெரிஞ்சதும் போனை ஃபேக்டரி ரீசெட் பண்ணிட்டேன். எங்க வேலையில அதுதான் பழக்கம். மெஷின் மேல சந்தேகம்னா துடைச்சுட்டுப் புதுசா ஏத்துவோம்.

சைபர் கிரைம் ஸ்டேஷன்ல முதல் கேள்வியே, "அவங்க அனுப்பின மெசேஜெல்லாம் எங்க தம்பி?" வாட்ஸப் பேக்கப்பும் இல்லை. கையில இருந்தது பாங்க் ஸ்டேட்மென்ட் மட்டும்தான்.

இங்கதான் ரெண்டு படிப்பும் பிரியுது. செக்யூரிட்டி ஆளுக்கு முதல் கவலை, சிஸ்டம் சுத்தமாகணும். விசாரிக்கிறவருக்கு முதல் கவலை, எதுவும் கலையக் கூடாது. அப்படியே காப்பி எடுத்து, அதுக்கு ஹாஷ் போடணும். ஹாஷ்னா ஃபைலோட கைரேகை மாதிரி. ஒரே ஒரு எழுத்து மாறினாலும் மொத்த எண்ணும் மாறிடும். 2024 ஜூலை 1-ல அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தோட 63ஆம் பிரிவுப்படி கொடுக்கிற சான்றிதழ்லயே இந்த ஹாஷைக் குறிப்பிடணும். எனக்கு எஸ்ஹெச்ஏ-256 எப்படி வேலை செய்யும்னு தெரியும். அது ஒரு கோர்ட்டுல எதுக்குத் தேவைன்னு நாலு வருஷ இன்ஜினியரிங்ல யாரும் சொல்லித்தரல.

அந்த மூணு நாள் மௌனம் இதைவிடப் பெரிய விஷயம். பணம் போன உடனே 1930க்கு அடிச்சா, அது அடுத்தடுத்த அக்கவுண்டுக்குத் தாவுறதுக்குள்ள நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. மாமாவுக்கு அந்த நம்பர் தெரியாமலில்லை. நாலு பேர் சிரிப்பாங்கன்னு வெட்கம். பாதிக்கப்பட்டவங்களைப் பத்தியே படிக்கிற விக்டிமாலஜின்னு ஒரு பிரிவு கிரிமினாலஜில இருக்கு. புகார் ஏன் லேட்டா வருது, வராமலே போகுதுன்னு அதுல பேசுறாங்க. நான் கேட்ட அந்த முதல் கேள்விக்குப் பயந்துதான் அவர் மூணு நாள் வாயைத் திறக்கலைன்னு எனக்கு அப்புறம்தான் உறைச்சுது.

இன்னொரு பக்கம், பணம் போய்ச் சேர்ற அக்கவுண்ட். கமிஷனுக்காகத் தன் அக்கவுண்டை வாடகைக்கு விட்ட ஆளோடதா அது இருக்கலாம். இதுல காலேஜ் பசங்களும் மாட்டுறாங்க. கேட்டா, "நான் யாரையும் ஏமாத்தல ப்ரோ, அக்கவுண்ட் மட்டும்தான் கொடுத்தேன்"பாங்க. சைக்ஸ், மட்ஸானு ரெண்டு அமெரிக்க சமூகவியலாளர்கள் 1957லேயே இந்த மாதிரி சால்ஜாப்புகளை வகைப்படுத்தி எழுதிட்டாங்க. எந்த ஃபயர்வாலும் இதைப் பிடிக்காது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்குன்னு நினைக்காதீங்க. சைபர் கிரிமினாலஜியைத் தனித் துறையா முன்வெச்சது திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துல இருந்த கே. ஜெய்சங்கர். 2007ல அதுக்குன்னே ஒரு ஆய்விதழ் தொடங்கினார். நேர் வாழ்க்கையில அந்தஸ்துக்குப் பயந்து அடங்கியிருக்கிற ஆள், முகம் தெரியாதுங்கிற தைரியத்துல ஆன்லைன்ல வேற மாதிரி நடந்துக்கலாம்னு 2008ல ஒரு கோட்பாடும் வெச்சார். சென்னைப் பல்கலைக்கழகத்துலயும் கிரிமினாலஜி துறையிலதான் சைபர் ஃபாரன்சிக்ஸ் எம்.எஸ்சி. நடக்குது.

ஆனா தங்கச்சி, கோர்ஸ் பேரை மட்டும் பார்த்துச் சேராதீங்க. "சைபர்"னு போட்டா சீட் நிரம்பும்னு எல்லாருக்கும் தெரியும். நெட்வொர்க்கிங், ஆப்பரேட்டிங் சிஸ்டம், லினக்ஸ், ஏதாவது ஒரு புரோகிராமிங் மொழி, இதெல்லாம் லேப்போட இருக்கணும். கம்ப்யூட்டர் பேரே ரெண்டுதான்னா செக்யூரிட்டி வேலைக்கு அது பத்தாது, மிச்சத்தை நீங்களே படிக்கணும். அந்தப் பக்கம் சாட்சியச் சட்டமும் விக்டிமாலஜியும் இருக்கான்னு பாருங்க. ரெண்டும் சேர்ந்த நல்ல கோர்ஸ் கிடைக்கலைன்னா, டிகிரியில டெக்னிக்கல் முடிச்சுட்டுப் பிஜியில கிரிமினாலஜி பக்கம் போங்க. என் கணக்குல அது சுலபம். அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வர்றதுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

சிலபஸ் பிடிஎஃப் கிடைச்சா அனுப்புங்க, அடுத்த எபிசோடுல ஒவ்வொரு பேப்பரா பார்ப்போம்.