சூத்தைப் பல்லுக்குக் கண்ணாடிச் சீமெந்து

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுப் பகுதிகளில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களைச் சந்திக்கும்போது ஒரு விடயத்தை அடிக்கடி காண்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உடனே வைத்தியசாலைக்கு ஓடும் தாய், தன் பல்லில் விழுந்த குழியைக் கிராம்பை வைத்தே மாதக்கணக்கில் சமாளிக்கிறார். முகம் வீங்கிய பிறகு போனால் பெரும்பாலும் பல்லைக் கழற்றத்தான் வேண்டியிருக்கும். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் நாம் இழந்தவை போதாதா? காப்பாற்றக்கூடிய பல்லையும் ஏன் இழக்க வேண்டும்?

துளைக்கும் மெஷினுக்குப் பயந்தே பலர் பின்வாங்குகிறார்கள். அவர்கள் அறிய வேண்டியது கண்ணாடி அயனோமர் சீமெந்து. 1969இல் லண்டன் அரச இரசாயன ஆய்வுகூடத்தில் அலன் வில்சன், பிரயன் கென்ட் ஆகியோர் இதை உருவாக்கினார்கள். புளோரைட் கலந்த ஒருவகைக் கண்ணாடியை மாவாக அரைத்து, ஓர் அமிலத் திரவத்தில் குழைப்பார்கள். சில நிமிடங்களில் அது இறுகும். பல்லிலுள்ள கல்சியத்தோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும். பின்னர் சிறிது சிறிதாகப் புளோரைட்டை வெளிவிடும்.

இதனால் மின்சாரம் இல்லாத இடத்திலும் பல் அடைக்கலாம். 1980களின் நடுவில் தன்சானியாவில் இம்முறை தொடங்கியது. சூத்தையான மெதுவான பகுதியைக் கைக்கருவியால் சுரண்டி எடுத்துவிட்டுச் சீமெந்தை வைப்பார்கள். பெரும்பாலும் ஊசியும் தேவைப்படாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் இச்சீமெந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

"கண்ணாடி உடம்புக்கு ஆகுமா?" என்று எமது கூட்டமொன்றில் ஒரு ராத்தா கேட்டார். நியாயமான கேள்வி. வாயில் வைக்கும் இந்தக் கண்ணாடி இறுகிய பின் குத்தாது, வெட்டாது. எலும்போடு ஒட்டும் வேறொரு கண்ணாடியும் உண்டு. வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய இராணுவ அதிகாரி ஒருவர், காயப்பட்டோரின் உடல் ஏற்கும் பொருளொன்றைச் செய்ய முடியுமா என்று கேட்டதாலேயே அமெரிக்க விஞ்ஞானி லரி ஹென்ச் 1969இல் அதை உருவாக்கினார். காதின் சிற்றெலும்புகளையும் தாடை எலும்பையும் சீராக்க அது உதவியது.

ஆனால் எல்லாப் பல்லுக்கும் இந்தச் சீமெந்து மருந்தல்ல. பெரிய குழியில், கடித்து மெல்லும் இடத்தில் அது தேயலாம், உடையலாம். இரவில் தானாக வலித்தால் சூத்தை நரம்புவரை போயிருக்கக்கூடும். அதை மேலால் அடைத்து மூட முடியாது. வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

சகோதரிகளே, அரச வைத்தியசாலைப் பற்சிகிச்சைப் பிரிவில் கட்டணம் இல்லை. குளிர்நீர் கூசும்போதே, கறுப்புப் புள்ளி தெரியும்போதே போங்கள். "கழற்றாமல் அடைக்க முடியுமா?" என்று கேளுங்கள். கர்ப்பமாக இருந்தாலும் பாலூட்டினாலும் அதை முதலிலேயே சொல்லுங்கள். இரசம் கலந்த அடைப்பை அவர்களுக்குத் தவிர்க்குமாறு மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2022இல் தீர்மானித்துள்ளன. பிள்ளையைக் கூட்டிச் செல்லும் நாளில் உங்கள் வாயையும் காட்டிவிட்டு வாருங்கள்.