‘வாஷ் அப்’ என்றால் எதைக் கழுவுவது?

ஆங்கிலத்தில் ‘வாஷ்’ என்னும் வினையைக் கற்பது எளிது. அதன் பின்னே ‘அப்’ என்னும் சிறு சொல் வந்து நின்றுவிட்டாலோ தொல்லை தொடங்குகிறது. இங்கிலாந்தில் ‘வாஷ் அப்’ என்றால் உண்டு முடித்த பாத்திரங்களைக் கழுவுவது என்று பொருள். அமெரிக்காவிலோ, அது பெரும்பாலும் முகமும் கையும் கழுவிக்கொள்வதைக் குறிக்கும். அலை ஒரு பொருளைக் கரையில் ஒதுக்கினாலும் இதே தொடர்தான். ஒரு மனிதரை ‘வாஷ்ட் அப்’ என்றால், அவர் காலம் முடிந்துவிட்டது என்பது கருத்து. நாமுந்தான் ஒருவரைக் ‘கைகழுவி விட்டார்கள்’ என்கிறோம். அங்கே தண்ணீர் ஏது?

சித்தூரிலும் திருப்பதியிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தெலுங்கில் கழுவுவதற்குக் ‘கடுகு’ என்பர். நம் ‘கழுவு’ம் அவர்கள் ‘கடுகு’ம் ஒரே வேரில் கிளைத்தவை என்பது மொழிநூலார் கண்ட உண்மை. ஆயினும், அண்டை வீட்டு அம்மாள் ‘கின்னெலு கடுகு’ என்றவுடன் அஞ்சறைப் பெட்டியை நினைக்காத தமிழ்க் குழந்தை உண்டோ?

பல்லை விளக்குகிறோம், பாத்திரத்தைத் துலக்குகிறோம், துணியைத் துவைத்து அலசுகிறோம், தரையை மெழுகுகிறோம், பலகையைத் துடைக்கிறோம். ஆங்கிலம் சிறு சொல்லை ஒட்டிப் பொருளை வேறுபடுத்துகிறது. தமிழ் வினையையே மாற்றிக்கொள்கிறது. குப்பையை நீக்கும் தொழிலுக்குக்கூடப் பெருக்குதல், கூட்டுதல் என்று மிகுதியைக் குறிக்கும் சொற்களை வைத்திருக்கிறோம்!

இன்று நம் இல்லங்களில் இவை யாவும் ‘க்ளீன் பண்ணு’ என்ற ஒன்றில் அடங்கிவருகின்றன. பல்லுக்கும் அதுவே, பாத்திரத்துக்கும் அதுவே. துலக்குதல் வேறு, அலம்புதல் வேறு என்று அறிந்த பிள்ளைக்கு ‘வாஷ் அப்’ வேறு, ‘க்ளீன் அப்’ வேறு என்று நொடியில் விளக்கிவிடலாம். அறியாத பிள்ளைக்கு எதைக் கொண்டு விளக்குவது? தமிழ் குறைந்தால் ஆங்கிலம் வளரும் என்று எண்ணும் பெற்றோர் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டுகிறோம்.

திருமலையில் ஆண்டுக்கு நான்கு முறை, யுகாதி, ஆனிவார ஆஸ்தானம், பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகியவற்றுக்கு முன்னர், வழக்கமாகச் செவ்வாய்க்கிழமையன்று ஆலயத்தைத் தூய்மை செய்கின்றனர். மூலவரைத் துணியால் மூடிவிட்டு, சுவர்களையும் விதானத்தையும் கழுவி, பரிமளக் கலவை பூசுகின்றனர். அப்பணிக்குத் தூய்மை என்றோ கழுவுதல் என்றோ பெயரில்லை. கோயிலையே ஆழ்வாராகக் கருதி நீராட்டுவதால், அது ‘கோயில் ஆழ்வார் திருமஞ்சனம்’. தெலுங்கு அறிவிப்புகளிலும் அப்பெயரே வழங்குகிறது.