பூல் மேசையின் கல் பொருத்தை அடைப்பது எப்படி?

போன மாத ஒலிபரப்பில் பூல் மேசையைப் பற்றிப் பேசத் தொடங்கினேன், பாதியிலேயே நேரம் முடிந்துவிட்டது. "கடைசியில் பொருத்தை எதைக் கொண்டு அடைத்தீர்கள்?" என்று கேட்டவர்களுக்காக மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஹாலேயில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் இளைஞர் அறைக்கு ஒன்பது அடி மேசை ஒன்று பழையதாகக் கிடைத்தது. புதுத் துணி வாங்கப் பிள்ளைகளும் கைக்காசு போட்டார்கள். துணியை உரித்தால் உள்ளே இருப்பது மரம் அல்ல, ஓர் அங்குலக் கனத்தில் கல். நாம் சின்ன வயதில் எழுதிப் பழகிய அதே சிலேட்டு! முன்பு மரப்பலகைதான் போட்டார்கள். ஈரத்தில் அது வளைந்துவிடும். இங்கிலாந்தில் ஜான் தர்ஸ்டன் 1826இல் சிலேட்டுக்கு மாறினார். இப்போது நல்ல கல் பெரும்பாலும் இத்தாலியின் லிகூரியாவிலிருந்து வருகிறது.

ஒரே கல்லாக இருந்தால் ஏறத்தாழ 300 கிலோ வரும், படியேற்ற முடியாது. அதனால் மூன்று துண்டுகள், நடுவே இரண்டு பொருத்துகள். (1880களில் நம் உதகமண்டலத்துக் கிளப்பில் விதி எழுதப்பட்ட ஸ்னூக்கருக்கு முழு அளவு மேசையென்றால் ஐந்து துண்டுகள், நான்கு பொருத்துகள்!)

நான் செய்த தவறு இதுதான். ஒரு பொருத்தில் பக்கத்துக் கல்லைவிட ஒரு கல் கொஞ்சம் தூக்கி நின்றது. கார் தகரத்துக்குப் பூசும் பட்டியை எடுத்துச் சரிவாக இழுத்து மேட்டை மறைத்துவிட்டேன். மேலே துணியும் போட்டாயிற்று. எங்கள் அறை பழைய கட்டடம், மரத்தளம். மூன்று வாரத்தில் தளம் அமுங்கியது, பட்டி வெடித்தது. துணிக்கடியில் மணல்போல நெறுநெறுத்தது. மெதுவாக உருட்டிய பந்து அந்த இடத்தில் இடப்பக்கம் திரும்பியது. துணியைக் கழற்றும்போது கிழிந்தும் போனது. பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வந்து பார்த்தார். பொருத்தைப் பிடித்து நிறுத்துவது பட்டி அல்ல, அடியில் இருக்கும் ஆப்பும் திருகாணியும்தான் என்றார். பட்டிக்கு உள்ள வேலை மயிரிழை இடைவெளியை மூடுவது மட்டுமே.

இந்தமுறை முதலில் சட்டத்துக்கு ரசமட்டம் பார்த்தோம். நடுக்கல்லை வைத்து, பிறகு இரு ஓரக் கற்களையும் சேர்த்தோம். கல்லின் விளிம்பில் பித்தளை முளை இருந்தால் அது துளையில் சரியாக உட்கார வேண்டும். திருகாணிகளைத் தளர்வாக மாட்டி, பொருத்துக்கு நேர் கீழே கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மெல்லிய ஆப்புகளைச் செருகினோம். ஒரு திருகாணியை இறுக்குவது, மட்டம் பார்ப்பது, மறுபடி தளர்த்துவது. இதிலேயே ஒரு மாலை போய்விட்டது. உலகப் போட்டி மேசைகளுக்குப் பொருத்தில் 0.13 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றத்தாழ்வு இருக்கக்கூடாது. ஒரு தாளின் கனத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். எங்களிடம் அதற்கான கருவி இல்லை. இரும்பு அளவுகோலை நிமிர்த்தி வைத்து, பின்னால் டார்ச் அடித்து, வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தோம். விரல் நகத்தால் குறுக்கே இழுத்தாலும் தெரியும், தட்டினால் இன்னும் மேடு இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் அடைப்பு. நாங்கள் தேன்மெழுகைப் பயன்படுத்தினோம். தூசியைத் துடைத்து, பொருத்தின் ஓரத்தைக் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கி, உருகிய மெழுகைச் சொட்டவிட வேண்டும். குளிர்ந்த கல்லில் விட்டால் உள்ளே இறங்காமல் மேலேயே உறைந்துவிடும். திருகாணிக் குழிகளுக்கும் அதே மெழுகுதான். முழுதாக இறுகுவதற்குள் தகட்டைப் படுக்கவைத்துச் சுரண்டி எடுக்க வேண்டும். மெழுகு உருக 60 டிகிரிக்குமேல் சூடு வேண்டும். ஆனாலும் ஏசி இல்லாத சென்னை அறையில் சித்திரை வெயிலுக்கு அது இளகும், அங்கே பட்டியே மேல் என்று நினைக்கிறேன். சிலர் கற்கள் நகராமலிருக்கப் பொருத்தில் சூப்பர் குளூவும் விடுகிறார்கள். எங்கள் தளம் இன்னும் அசையக்கூடும் என்பதால் மெழுகோடு நிறுத்திக்கொண்டோம். மறுபடி மட்டம் பார்க்க நேர்ந்தால் சூடு காட்டி எடுத்துவிடலாம்.

புதுத் துணிக்கான பணத்தை இந்தமுறை நானே போட்டேன்.