எண்ணெயின் அளவும் எண்ணெயின் வகையும்

இரண்டாம் வகை நீரிழிவு என்றதும் சர்க்கரையையும் சோற்றையும் குறை கூறுவதே வழக்கமாக இருப்பினும், இரத்தச் சர்க்கரை ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கொழுப்பு தங்கக் கூடாத இடங்களில் தங்கத் தொடங்கிவிடுகிறது. தோலுக்கடியில் சேரும் கொழுப்பால் தீங்கு குறைவு. அது கல்லீரலிலும் தசையிலும் படியும்போதுதான், இன்சுலின் சுரந்தும் உடல் அதற்கு உரியவாறு இணங்காத நிலை, அதாவது இன்சுலின் எதிர்ப்பு, உருவாகிறது. கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது; தசை அதைப் போதிய அளவு எடுத்துக்கொள்வதில்லை; இரண்டையும் ஈடுகட்ட மிகுதியாகச் சுரந்துவரும் கணையம் காலப்போக்கில் தளர்கிறது.

அப்படியானால் உணவில் கொழுப்பைக் குறைத்தாலே போதுமா? அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களைக் கொண்டு நடந்த 'மகளிர் நல முன்னெடுப்பு' ஆய்வில், ஒரு பிரிவினர் மொத்தக் கொழுப்பைக் குறைத்துக் காய்கனிகளையும் தானியங்களையும் கூட்டி உண்டனர். ஏறத்தாழ 8 ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களிடையே நீரிழிவு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. அதே நாட்டில் 84,204 செவிலியரை 14 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001இல் வெளியான ஆய்வும், மொத்தக் கொழுப்பின் அளவுக்கும் நோய்க்கும் தொடர்பு காணவில்லை. கொழுப்பின் வகைதான் வேறுபாட்டைக் காட்டியது. வனஸ்பதி போல, எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டிப்படுத்தும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, உணவின் ஆற்றலில் 2 விழுக்காடு கூடியபோது நோய் வாய்ப்பு 39 விழுக்காடு உயர்ந்திருந்தது. சூரியகாந்தி, எள் முதலியவற்றின் எண்ணெயில் மிகுந்துள்ள பன்மை நிறைவுறாக் கொழுப்பு 5 விழுக்காடு கூடியபோது அது 37 விழுக்காடு தாழ்ந்திருந்தது. இத்தகைய பின்தொடர் ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிர, காரணத்தை நிறுவாது.

காரணத்தை நோக்கி ஒரு படி முன்னேறியது, சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் நடந்து 2014இல் வெளியான ஒரு சிறிய சோதனை. சரியான எடையுள்ள 39 இளைஞர்கள், வழக்கமான உணவுக்கு மேல், 7 வாரங்கள் மஃபின் கேக்குகளை உண்டனர். இரு பிரிவினரின் கேக்குகளிலும் மாறியிருந்தது எண்ணெய் மட்டுமே: ஒன்றில் பாமாயில், மற்றதில் சூரியகாந்தி எண்ணெய். எடை இரு பிரிவிலும் ஒரே அளவாக, சராசரியாக 1.6 கிலோ, கூடியது. ஆயினும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, பாமாயில் உண்டவர்களின் கல்லீரலிலும் வயிற்றின் உட்பகுதியிலும் கொழுப்பு மிகுதியாகப் படிந்திருந்தது. சூரியகாந்திப் பிரிவினரிடம் தசை உள்ளிட்ட கொழுப்பற்ற திசு ஏறத்தாழ மும்மடங்கு கூடுதலாக வளர்ந்திருந்தது. எடை பார்க்கும் எந்திரம் இந்த வேறுபாட்டைக் காட்டியிருக்காது என்பதே இதில் கவலைக்குரியது.

பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. அதில் முதன்மையானது பால்மிட்டிக் அமிலம். சோற்றிலும் இனிப்பிலும் வரும் மிகை மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றும்போது முதன்மையாக உருவாவதும் அதே அமிலம்தான். ஆகவே நெய்யை விலக்கிவிட்டு மூன்று கரண்டி சோற்றைக் கூட்டிக்கொள்வதால் கல்லீரலின் சுமை இறங்கிவிடாது. நல்லெண்ணெய் என்பதற்காக அளவின்றி ஊற்றுவதும் தவறே. எந்த எண்ணெயாயினும் கிராமுக்கு 9 கலோரி.

டிரான்ஸ் கொழுப்பைப் பொறுத்தவரை, 2022 முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாதென இந்தியா விதித்தது மிகச் சரியான முடிவு. ஆனால் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைப்பது இன்றும் பாமாயில்தான். எளிய குடும்பங்களுக்கு அந்த விலை பேருதவி என்பதில் ஐயமில்லை. அதனாலேயே அந்த எண்ணெய் எது என்ற கேள்வி முக்கியமாகிறது. அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் வழங்க வேண்டுமென விவசாயிகள் கோரிவருகின்றனர். நிறைவுற்ற கொழுப்பு பாமாயிலைவிடத் தேங்காய் எண்ணெயில்தான் மிகுதி. கடலை எண்ணெயிலோ ஐந்தில் நான்கு பங்கு நிறைவுறாக் கொழுப்பு. நீரிழிவைக் கருதி முடிவெடுப்பதாயின், அரசு மானியம் தர வேண்டியது கடலை எண்ணெய்க்கே.