பழைய படகும் இயந்திரமும் வாங்கப் போகிறீர்களா?

முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்பவர்களில் பலர் 2009இல் படகு, இயந்திரம், வலை எல்லாவற்றையும் இழந்து வெளியேறியவர்கள். மீள்குடியேற்றத்தின் பின்னர் சிலருக்கு உதவித் திட்டங்களில் படகு கிடைத்தது. கிடைக்காதவர்களும், கிடைத்தது பழுதாகிப் போனவர்களும் இன்று பழையதைத்தான் தேடுகிறார்கள். 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்ததோடு புதிய இயந்திரம் சாதாரண குடும்பங்களுக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டது. நகையை அடகு வைத்தும் கடன் எடுத்தும் வாங்குகிறார்கள்.

நான் வெளியிணைப்பு இயந்திரங்களைத் திருத்துபவன். வாங்குவதற்கு முன் என்னிடம் காட்ட வந்தவர்களை விட, வாங்கிய பின் கலங்கிய முகத்தோடு வந்தவர்களே அதிகம். அவர்களுக்குப் பிந்திச் சொன்னதை உங்களுக்கு முந்திச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். விற்பவர் காட்டும் இடத்தை அல்ல, காட்டாத இடத்தைப் பாருங்கள்.

படகு

முதலில் பார்க்க வேண்டியது இயந்திரம் பூட்டும் பின்பகுதி. கண்ணாடியிழைப் படகுகளில் பொதுவாக அதற்குள் பலகை வைத்து மேலே நார் பூசியிருப்பார்கள். ஆணித் துளைகளால் நீர் இறங்கினால் பலகை உள்ளே உக்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. சுத்தியல் பிடியால் ஒவ்வோர் இடமாகத் தட்டுங்கள். இறுக்கமான சத்தம் வந்தால் நல்லது. மந்தமாகக் கேட்கும் இடத்தில் சந்தேகப்படுங்கள். பிறகு பூட்டியிருக்கும் இயந்திரத்தின் கீழ்ப்பகுதியைப் பிடித்து அசையுங்கள். பின்பகுதி வளைந்து கொடுத்தால் அந்தப் படகு வேண்டாம்.

அடுத்து, படகைச் சரித்து அடியைப் பாருங்கள். மணலில் இழுத்து ஏற்றும் கரைகளில் அடிப்பகுதி தேய்ந்து நார் வெளியே தெரியும். புதிதாக வர்ணம் பூசியிருந்தால், எதை மறைக்கப் பூசினார்கள் என்று யோசியுங்கள். வழமையை விடப் பாரமாக இருக்கும் படகு, உள்ளே நீர் குடித்த படகாக இருக்கலாம்.

இயந்திரம்

காலையில், அது ஓடுவதற்கு முன் போங்கள். சூடாக்கி வைத்த இயந்திரம் யார் இழுத்தாலும் இலகுவாக இயங்கும். மேல்மூடியைக் கழற்றிக் கையை வைத்துப் பாருங்கள், குளிராக இருக்க வேண்டும். மூடிக்குள்ளே உப்புப் படிவும் துருவேறிய ஆணிகளும் இருந்து, வெளியே மட்டும் பளபளத்தால் அது கடலில் மூழ்கி எடுத்த இயந்திரமாக இருக்கலாம்.

எங்கள் பக்கம் ஓடுபவை பெரும்பாலும் மண்ணெண்ணெய் இயந்திரங்கள். பெற்றோலில் இயக்கி, சூடான பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பெற்றோலில் மட்டும் ஓட்டிக் காட்டினால் திருப்திப்பட வேண்டாம். மாற்றச் சொல்லி, சத்தம் சீராக இருக்கிறதா, புகை கூடுகிறதா என்று கவனியுங்கள். 2022 ஓகஸ்ட்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதை நாம் மறக்கவில்லை. தேய்ந்த இயந்திரம் கூடுதலாகக் குடிக்கும். மலிவாக வாங்கிய லாபம் எரிபொருளில் போய்விடும்.

இயந்திரத் தேய்மானத்தை அறிய அமுக்கமானி இருக்கிறது. சிலிண்டர்களுக்கு இடையே நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், உள்ளே வேலை இருக்கிறது என்று பொருள். கியர்ப் பெட்டியின் கீழ் ஆணியைச் சற்றுத் தளர்த்துங்கள். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. காற்றாடித் தண்டில் தங்கூசி சுற்றி, நீர்த்தடுப்பு வளையத்தை அறுப்பது இதற்கு வழமையான காரணம்.

ஓடும்போது குளிர்விக்கும் நீர் பக்கத்துத் துளையால் விடாமல் பாய வேண்டும். கரையில் நீரில்லாமல் ஓட்டிக் காட்ட விடாதீர்கள். நீர்ப்பம்பியின் இறப்பர் இதழ்கள் சில நிமிடங்களிலேயே கெட்டுவிடும்.

கடைசியாக, கடலில் அரை மணித்தியாலமாவது பாரத்தோடு ஓட்டுங்கள். சூடாக இருக்கும்போதே நிறுத்தி, மீண்டும் இயக்கிப் பாருங்கள். தொழிலில் இயந்திரம் உங்களைக் கைவிடுவது அப்படியான நேரத்தில்தான்.

பத்திரம்

மீன்பிடிப் படகுகள் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கடற்றொழில் திணைக்களத்தில் பதியப்பட வேண்டும். படகிலுள்ள இலக்கமும் பத்திரத்திலுள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். இயந்திரத்தின் தொடரிலக்கத் தகட்டைச் சுரண்டியிருந்தால் விலை பேசவே வேண்டாம். லீசிங் கட்டி முடிந்ததா, உதவித் திட்டத்தில் கிடைத்ததென்றால் விற்க அனுமதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பெயர் மாறாத படகுக்கு நிவாரணமோ இழப்பீடோ வந்தால், அது பழைய உரிமையாளரின் பெயருக்கே வரும்.

கணவரை இழந்து, மகனுக்காகப் படகு வாங்கும் தாய்மார் பலர். 'இன்றைக்கு எடுக்காவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவார்' என்று அவர்களைத்தான் அதிகம் அவசரப்படுத்துகிறார்கள். எடுக்கட்டும், விடுங்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலி, பிறகு திருத்தக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்குதான்.

வீதியில் நின்றுபோன மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். கச்சான் காற்று வீசும்போது எங்கள் கரையிலிருந்து போன படகு நின்றால், அது கரைக்கு வராது, வங்கக் கடலுக்குள்தான் போகும். விலை பேசும்போது மனதில் இருக்க வேண்டியது அந்தக் காற்றுத்தான்.