நீலச் சுடர் தெரிகிறதா?

விறகு அடுப்பில் பழகிய கைக்கு நெருப்பைச் சும்மா விடத் தெரியாது. கொஞ்சம் மங்கினால் கொள்ளியைத் தள்ளிவிடும், கிண்டும், ஊதுகுழலைத் தேடும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் வடகிழக்கு மலைப்பகுதியில் இன்றும் பல வீடுகளின் குளிரைப் போக்கும் நிலக்கரி அடுப்புக்கு இந்தக் கை ஆகாது.

அங்கே வெட்டியெடுக்கும் கரிக்கு ஆந்த்ரசைட் என்று பெயர். நம் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி என்றால், இது மூத்தது. கல்லைப் போல இறுகி, கறுப்புக் கண்ணாடியாக மின்னும். ஏறக்குறைய முழுவதும் கார்பன். பற்றவைப்பது பெரும்பாடு. பற்றிவிட்டாலோ புகையே இல்லாமல் மணிக்கணக்கில் கனலும்.

தொடக்கத்தில் இதை எரிக்கத் தெரியாமல் அந்த மண்ணின் மக்களே திண்டாடியிருக்கிறார்கள். 1812-இல் மூண்ட போரின்போது பிலடெல்பியா அருகே கம்பி ஆலை நடத்திய ஜோசையா வைட்டும் எர்ஸ்கின் ஹசார்டும் இந்தக் கரியை உலையில் போட்டுப் பார்த்தார்களாம். தொழிலாளர்கள் இரவெல்லாம் கிண்டியும் பற்றவில்லை. வெறுத்துப்போய் உலைக் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மறந்துவிட்டுப்போன மேல்சட்டையை எடுக்க ஒருவர் திரும்பி வந்தபோது கதவு செக்கச்செவேலென்று பழுத்திருந்தது என்று அந்தக் கதை முடியும். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1808 பிப்ரவரி 11 அன்று, வில்க்ஸ்-பார் ஊரில் விடுதி நடத்திய ஜெஸ்ஸி ஃபெல் இரும்புக் கம்பித்தட்டின் மேல் கரியைக் குவித்து, காற்று அடியிலிருந்து ஏறும்படி வைத்து எரித்துக் காட்டியிருந்தார். நம் பாட்டிமார் குமுட்டி அடுப்பின் கீழ்வாய்க்கு நேரே விசிறி பிடித்ததும் இதே கணக்குதான். விறகு மேல்காற்றிலும் எரியும். கரிக்குக் காற்று அடியிலிருந்துதான் வரவேண்டும்.

இந்த அடுப்பில் கண் வைத்துப் பார்க்கவேண்டியது ஒன்று உண்டு: கரியின் மேல் நடமாடும் நீலச் சுடர். அடியில் ஏறும் காற்று கரியோடு சேர்ந்து முதலில் கார்பன் டை ஆக்சைடாகிறது. அது மேலேயுள்ள தணலைக் கடந்து ஏறும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. உயிரைக் குடிக்கும் அந்த வாயு, மேல்பரப்பில் பற்றி எரியும்போது நீலமாகத் தெரிகிறது. சுடர் தெரிகிறது என்றால் நஞ்சு எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவேதான் புதுக் கரி போடும்போது தணல் முழுவதையும் மூடிவிடக் கூடாது. ஒரு மூலையிலாவது கங்கு வெளியே தெரியவேண்டும். புதுக் கரியிலிருந்து கிளம்பும் வாயுவை அந்தக் கங்கு உடனுக்குடன் பற்றவைத்துவிடும். மொத்தமாக மூடிவிட்டால் வாயு மேலே தேங்கி நிற்கும். பிறகு எங்கோ ஓரிடத்தில் தீ எட்டிப் பார்த்ததும் ‘டப்’பென்று வெடிக்கும். அடுப்புக் கதவு திறந்துகொள்ளும், சில சமயம் புகைக்குழாயே கழன்றுவிடும். கரி போடும் கதவைத் திறக்கும்போதும் முதலில் விரற்கடை அளவு திறந்து, சற்றுப் பொறுத்து, பிறகு முழுதாகத் திறப்பதுதான் நல்லது.

பெரும்பாலும் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டால் போதும். அடிக்காற்றைக் கூட்டி நெருப்பைத் தெளியவைத்து, கம்பித்தட்டை ஆட்டிச் சாம்பலை உதிர்க்கவேண்டும். கீழே செந்தணல் விழத் தொடங்கினால் நிறுத்திவிடலாம். நெருப்பு நலிந்திருக்கும்போது மட்டும் ஆட்டக் கூடாது. கொஞ்சம் கரி தூவி, காற்று கொடுத்து, தேறியபிறகே ஆட்டலாம். மேலிருந்து கிண்டினால் சாம்பல் தணலுக்குள் கலந்து உருகிக் கட்டியாகிவிடும், காற்றின் வழியும் அடைபடும். சாம்பல் தட்டை அன்றன்றே காலி செய்யாவிட்டால் இன்னொரு கெடுதல்: தட்டில் குவியும் சாம்பல் மேலே முட்டினால், ஏறும் காற்றால் குளிர்ந்துகொண்டிருந்த கம்பிகள் சூட்டில் வளைந்துபோகும்.

அடுப்பைச் சீக்கிரம் மூட்டுவதற்காகச் சாம்பல் கதவைத் திறந்துவைப்பார்கள். அப்படித் திறந்தவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. தொலைபேசி மணி அடித்தால் கதவைச் சாத்திவிட்டுத்தான் போகவேண்டும். தங்குதடையில்லாத காற்றில் அடுப்பு சில நிமிடங்களில் சிவந்துவிடும். விறகுக்கென்றே செய்த அடுப்பில் நிலக்கரி போடுவதும் இதேபோல் ஆபத்தானது.

கடுங்குளிரைவிட மிதமான நாட்களைத்தான் நான் அஞ்சுவேன். உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வேறுபாடு குறைந்தால் புகைபோக்கியின் இழுவை தளர்ந்துபோகும், வாயு வீட்டுக்குள் திரும்பும். ‘வெயில் அடிக்கிறதே, காற்றை நன்றாகக் குறைத்து வைப்போம்’ என்று நினைப்பதைவிட அன்றைக்கு அடுப்பை அணையவிடுவதே மேல்.

விறகுப் புகை கண்ணைக் கரிக்கும், இருமவைக்கும், தூங்குபவரையும் எழுப்பிவிடலாம். இந்த வாயுவுக்கோ நிறமில்லை, வாடையில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று சாதாரணக் காய்ச்சலைப் போலத் தொடங்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறதா, வெளியே போனால் தெளிகிறதா? உடனே எல்லோரும் வெளியேறி, அங்கிருந்தபடி உதவிக்கு அழைக்கவேண்டும். வாயுவைக் கண்டுபிடித்து அலறும் கருவி ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைக்கு அருகிலும் இருந்தாகவேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்காக அறைக்குள் கரி மூட்டிவிட்டு உறங்கியவர்கள் விடியலில் எழுந்திருக்காத செய்திகளை நாமும் படித்திருக்கிறோம். பென்சில்வேனிய அடுப்புக்குப் புகைபோக்கியாவது உண்டு. அறைக்குள் வைத்த கரிச்சட்டிக்கு அதுவும் இல்லை. நீறு பூத்துக் கிடந்தாலும் அதன் நஞ்சு குறைந்துவிடாது.

அள்ளிய சாம்பலிலும் நெருப்பு ஒளிந்திருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, சுவரிலிருந்தும் மரத்தரையிலிருந்தும் தள்ளி, வீட்டுக்கு வெளியே வைக்கவேண்டும்.

குளிர்காலம் முடிந்து அடுப்பை அணைத்ததும் அப்படியே மறந்துவிடுகிற வீடுகள் உண்டு. குழாயில் படிந்த சாம்பலில் கந்தகம் இருக்கிறது. கோடையின் ஈரம் பட்டதும் அது அமிலமாகி இரும்பை அரிக்கும். கடைசி நெருப்பு ஆறிய வாரமே குழாயைக் கழற்றிச் சுரண்டி, புகைபோக்கியின் அடியில் சேர்ந்த சாம்பலையும் அள்ளிவிடவேண்டும். தவறினால், அடுத்த குளிர்காலத்தின் முதல் இரவில் வாயு வீட்டுக்குள் வர அரிபட்ட ஓர் ஓட்டை போதும்.